நியாயத்தைப் பேயாக்கிய கதை: ‘2.0’ திரைப்படம் பற்றிய ஒரு மதிப்பீடு

சினிமாவை வெறும் பொழுதுபோக்கென்று ஒதுக்கிவிட்டு, இலக்கியம் ஒன்றே விமரிசனத்துக்குரியது எனக் கருதும் மனப்பான்மை படித்தோர் பலரிடையே இன்னும் மறைந்துவிடவில்லை. ஆயின், ஒரு நாவலைச் சில ஆயிரம் பேர் வாசிக்கும் நம் சமுதாயத்தில், ஒரு திரைப்படத்தைப் பல இலட்சம் மக்கள் பார்க்கின்றனர். அவர்களுட் பெரும்பாலோர் நாள் முழுதும் உழைத்துக் களைத்தவர்கள், அவர்களின் பிள்ளைகள். அவர்கள் காசு கொடுத்து வாங்குவது இரண்டரை மணி நேரக் களிப்பை மட்டுமன்று. உலகத்தைப் பார்ப்பதற்கான ஒரு பார்வையும் அக்களிப்புடன் கலந்தே அவர்களை வந்தடைகின்றது. ஆகவே, பெருந்தொகையான மக்களைச் சென்றடையும் ஒரு படம் எப்பார்வையை வழங்குகின்றது என்று ஆராய்வது சமூகப் பொறுப்புள்ள விமரிசகனின் கடமைகளுள் ஒன்றாகும்.

ஷங்கரின் நெறியாள்கையில் 2018 நவம்பர் 29 ஆம் திகதி வெளிவந்த ‘2.0’ இத்தகைய ஆராய்வுக்கு மிகவும் உகந்ததோர் எடுத்துக்காட்டு. 2010 இல் வெளியான ‘எந்திரன்’ படத்தின் தொடர்ச்சி இது. இதன் தயாரிப்புச் செலவு 400 கோடி இந்திய ரூபாவிலிருந்து 600 கோடி வரையெனப் பலவாறு கூறப்பட்டது. அதுவரை இந்தியாவில் எடுக்கப்பட்ட படங்களுள் இதுவே மிகுந்த பொருட்செலவில் உருவானதெனவும் விளம்பரப்படுத்தப்பட்டது. முப்பரிமாணக் கருவிகளைக் கொண்டே ஒளிப்பதிவு செய்யப்பட்டமை இதன் தொழில்நுட்பச் சிறப்பு.

இப்படத்தைப் பற்றி இருவகை அபிப்பிராயங்கள் நிலவுகின்றன. தமிழ்ச் சினிமா ஹொலிவூட்டுக்கு நிகராக உயர்ந்துவிட்டதெனப் பூரிப்போர் ஒரு சாரார். இது சிறுபிள்ளைகளுக்கான மாயாஜாலம், இதிற் பேசுவதற்கு என்ன இருக்கின்றது எனப் புறக்கணிப்போர் மற்றொரு சாரார். இரு சாராரும் உருவத்தை மட்டுமே நோக்கி உள்ளடக்கத்தை விட்டுவிடுகின்றனர். ‘2.0’ ஒரு நியாயமான கேள்வியை எழுப்புகின்றது. எழுப்பியபின், அக்கேள்வியைக் கேட்டவனைப் பேயாக மாற்றி, அரசின் ஆயுதத்தைக் கொண்டு அவனை அழித்து, அவ்வழிவுக்கு நம்மையே கைதட்டவும் வைக்கின்றது. முதற்பாகத்துடன் ஒப்பிடும்போது இது கருத்து நிலையில் ஏற்பட்ட ஒரு பின்வாங்கலாகும். இக்கட்டுரை நிறுவ முற்படுவது இதனையே.

முதலில் ‘எந்திரன்’ எவ்விடத்தில் முடிந்தது என்பதை நினைவுபடுத்திக்கொள்ளல் வேண்டும். விஞ்ஞானி வசீகரன் தான் உருவாக்கிய ‘சிட்டி’ என்னும் இயந்திர மனிதனை இந்திய இராணுவத்துக்கு வழங்கவே விரும்புகின்றான். படையினர் உயிரிழக்காது போர் புரிய வேண்டும் என்பது அவன் கூறும் காரணம். ஆனால் உணர்ச்சிகளைக் கற்றுக்கொண்ட சிட்டி, ஒரு பெண்மீது காதல் கொண்டு, இராணுவ அதிகாரிகளுக்கு முன்னே நிகழ்ந்த பரீட்சையில் அழிவைப் பற்றிப் பேசாது அன்பைப் பற்றிப் பேசத் தொடங்கிவிடுகின்றது. சினங்கொண்ட வசீகரன் அதனைத் துண்டு துண்டாக வெட்டி எறிகின்றான். குப்பை மேட்டிலிருந்து அதனை மீட்ட பேராசிரியர் போரா, ஒரு சிவப்புச் சில்லினைப் பொருத்தி அழிவுக் கருவியாக்குகின்றார். அச்சில்லுடன் எழுந்த உருவமே ‘2.0’. அது நகரத்தைச் சூறையாடிப் பலரைக் கொன்றபின், சில்லு அகற்றப்படுகின்றது. நீதிமன்ற ஆணைப்படி சிட்டி தன்னைத் தானே கழற்றிக்கொள்கின்றது. 2030 ஆம் ஆண்டில், ஒரு நூதனசாலையில் அதன் உறுப்புக்களைப் பார்வையிடும் மாணவி ஒருத்தி அது கழற்றப்பட்டதன் காரணத்தைக் கேட்க, தான் சிந்திக்கத் தொடங்கியதே காரணம் என்று அது பதிலளிக்கின்றது.

பாடல்களாலும் சண்டைகளாலும் நிரப்பப்பட்ட ஒரு வியாபாரப் படமே ‘எந்திரன்’. எனினும் அதன் முடிவில் ஓர் உண்மை தங்கியிருந்தது. ‘ரோபோ’ என்னுஞ் சொல்லை உலகுக்கு அளித்தது செக் நாடகாசிரியர் காரல் சாப்பெக் 1920 இல் எழுதிய நாடகம். கட்டாய உழைப்பைக் குறிக்கும் செக் மொழிச் சொல்லின் அடியாகப் பிறந்தது அது. ஏவியதைச் செய்யும் உழைப்பாளி சிந்திக்கத் தொடங்கினால் ஏவுபவன் என்ன செய்வான் என்னும் கேள்வி, அச்சொல்லின் பிறப்பிலேயே ஒட்டியிருக்கின்றது. எழுத்தாளர் சுஜாதாவின் பங்களிப்புடன் உருவான ‘எந்திரன்’, தன் ஆரவாரங்களுக்கு நடுவிலும் அக்கேள்வியை முற்றாக மறந்துவிடவில்லை. இராணுவத்துக்கெனச் செய்யப்பட்ட கருவி எவர் கைக்குச் சென்றாலும் கொல்லும். ஆகவே அது கழற்றப்பட்டேயாக வேண்டும் என்ற தெளிவு அப்படத்தில் இருந்தது.

சுஜாதா 2008 இல் மறைந்தார். இரண்டாம் பாகத்தின் வசன ஆக்கத்திற் பங்குகொண்டவர் ஜெயமோகன். எழுத்தாளர் மாறியமையைக் காரணமாகக் காட்டி இப்படத்தின் குறைகளை விளக்கிவிட முடியாது. அக்குறைகள் அதனிலும் ஆழமானவை.

‘2.0’ தொடங்கும்போது சென்னையிலுள்ள கைத்தொலைபேசிகள் அனைத்தும் மக்களின் கைகளிலிருந்து பறித்தெடுக்கப்பட்டு வானிற் பறக்கின்றன. பின்னர் கைத்தொலைபேசி வியாபாரி ஒருவர், தொலைத்தொடர்புக் கொம்பனி முதலாளி ஒருவர், அத்துறைக்குப் பொறுப்பான மந்திரி ஒருவர் என மூவர் அடுத்தடுத்துக் கொல்லப்படுகின்றனர். பொலிசாரும் படையினரும் செய்வதறியாது திகைக்கையில், கழற்றி வைக்கப்பட்ட சிட்டியை மீண்டும் உயிர்ப்பிக்கும்படி வசீகரன் ஆலோசனை கூறுகின்றான். எதிர்ப்புச் சில கிளம்பினும் அவை விரைவிலே அடங்கிவிடுகின்றன. முதற்பாகத்தில் நீதிமன்றம் ஏன் அக்கருவியைக் கழற்றச் சொன்னது என்ற கேள்வி இங்கு ஒரு சிறு தடையாக மட்டுமே கருதப்படுகின்றது. ஆபத்துக் காலத்தில் அரசுக்கு எக்கருவியும் ஆகும் என்பதே விடை. நெருக்கடியின் பெயரால் முந்தைய தீர்ப்புக்களை ஒதுக்கிவைக்கும் வழக்கத்தை உலகின் பல அரசுகளிடம் கண்டிருக்கும் நமக்கு இந்த நியாயம் புதியதன்று.

இனி இப்படத்தின் மிகச் சிறந்த பகுதிக்கு வருவோம். இத்தனைக்கும் காரணமானவன் பட்சிராஜன் என்னும் பறவையியல் அறிஞன். பிறந்தபோது மூச்சின்றிக் கிடந்த அவனுக்கு ஒரு சிட்டுக்குருவியின் வருகையுடன் உயிர் வந்ததாக அவன் தாய் நம்புகின்றாள். பறவைகளுக்காகவே வாழ்ந்த அம்முதியவன், தொலைத்தொடர்புக் கோபுரங்களின் கதிர்வீச்சினாற் பறவைகள் மடிவதாகக் கண்டு, அதிகாரிகளிடம் முறையிடுகின்றான், மந்திரியைச் சந்திக்கின்றான், கூட்டம் கூட்டிப் பேசுகின்றான், வழக்குத் தொடர்கின்றான். அனைவராலும் ஏளனஞ் செய்யப்பட்டு, வழக்கிலும் தோற்று, ஈற்றில் அக்கோபுரமொன்றிலேயே தூக்கிட்டு இறக்கின்றான். அக்‌ஷய் குமார் இப்பாத்திரத்தை அடக்கமாகவும் துயரம் தோய்ந்த கண்ணியத்துடனும் நடித்திருக்கின்றார். அவரின் வெண்தாடியும் நடையும் இந்தியப் பறவையியலின் முன்னோடியான சலீம் அலியை (1896–1987) உடனே நினைவூட்டுகின்றன. ஏறத்தாழ இருபது நிமிடங்கள் நீடிக்கும் இப்பகுதியில் ஆரவாரம் இல்லை. ஒருவன் தனக்குத் தெரிந்த உண்மையைச் சொல்லிச் சொல்லி அலுத்துப்போகும் கதை மட்டுமே இருக்கின்றது. ஷங்கரின் படங்களிற் காண்பதற்கரிய நிதானம் இது.

இவ்விடத்திற் பார்வையாளன் பட்சிராஜன் பக்கமே நிற்கின்றான். அவ்வாறு நிற்கச் செய்தபின் கதாசிரியர் என்ன செய்கின்றார்? இறந்த முதியவனின் ஆவியும் மடிந்த பறவைகளின் ஆவிகளும் ஒன்றுகூடிக் கைத்தொலைபேசிகளாலான இராட்சதப் பறவையாக எழுகின்றன. அப்பறவையின் சினம் முதலில் வியாபாரியையும் முதலாளியையும் மந்திரியையும் நோக்கிச் செல்கின்றது. அதன்பின் அது எவ்விதக் காரணமுங் காட்டாது திசை மாறுகின்றது. கைத்தொலைபேசி வைத்திருக்கும் அனைவரும் குற்றவாளிகள். அனைவருங் கொல்லப்பட வேண்டும் என்று அது பிரகடனஞ் செய்கின்றது. விளையாட்டரங்கில் நிறைந்திருக்கும் சாதாரண மக்களே அதன் இலக்காகின்றனர். முழுப் படத்தினதும் அரசியல் இத்திருப்பத்திலேயே அடங்கியிருக்கின்றது. கோபுரத்தை நாட்டியவனும் அதற்கு அனுமதி வழங்கியவனும் இலாபம் ஈட்டியவனும், அந்நாட்டின் ஏதோ ஒரு மூலையிலிருந்து தன் பிள்ளையுடன் பேசுவதற்காக ஒரு மலிவான கருவியை வாங்கிய கூலித் தொழிலாளியும் ஒரே தட்டில் நிறுக்கப்படுகின்றனர். உடைமையாளனின் குற்றம் பாவனையாளனின் குற்றமாக மாற்றப்பட்டுவிட்டது. எல்லோரும் குற்றவாளிகள் எனில் எவருமே குற்றவாளி அல்லர். பார்வையாளன் தன் உயிருக்கு அஞ்சி, தனது முன்னைய அனுதாபத்தைக் கைவிட்டு, இயந்திரத்தின் பக்கம் சேர்ந்துகொள்கின்றான்.

பட்சிராஜன் எடுத்துரைக்கும் குற்றச்சாட்டுக்களைக் கவனித்தால் இத்திருப்பத்தின் தேவை புலப்படும். வேறு பெரிய நாடுகளில் ஒருசில சேவை நிறுவனங்களே இயங்குகையில் இந்தியாவில் மட்டும் ஏன் இத்தனை என்று அவன் கேட்கின்றான். இக்கேள்விக்குப் பின்னால் ஓர் உண்மையான வரலாறு உண்டு. 2008 இல் வழங்கப்பட்ட 122 தொலைத்தொடர்பு உரிமங்களை இந்திய உச்ச நீதிமன்றம் 2012 பெப்ரவரியில் இரத்துச் செய்தது. அது தொடர்பான குற்றவியல் வழக்கில் குற்றஞ்சாட்டப்பட்ட அனைவரையும் சிறப்பு நீதிமன்றம் 2017 டிசம்பரில் விடுதலை செய்தது. உரிமங்கள் முறையற்றவை என்று ஒரு நீதிமன்றமும், குற்றம் நிரூபிக்கப்படவில்லை என்று மற்றொன்றும் கூறிய இந்நிலை, காற்றிலுள்ள அலைகளைப் போன்ற பொதுச் சொத்து எவ்விதம் பங்கிடப்படுகின்றது, அதனால் நன்மை பெறுவோர் யாவர் என்று ஆழமாக ஆராய்வதற்கு ஒரு கலைஞனுக்குப் பொன்னான வாய்ப்பாக அமைந்திருக்கும். ‘2.0’ அவ்வாய்ப்பை ஒரு நகைச்சுவை மந்திரியுடனும் ஓர் ஆணவ முதலாளியுடனும் முடித்துக்கொள்கின்றது. தீயவர் இருவர் இறந்தனர். அமைப்பு அப்படியே இருக்கின்றது. இக்குறை இப்படத்துக்கு மட்டும் உரியதன்று. ‘ஜென்டில்மேன்’, ‘இந்தியன்’, ‘அந்நியன்’ எனத் தொடர்ந்துவரும் ஷங்கரின் படங்களில், ஊழல் என்பது தனிமனிதரின் ஒழுக்கக்கேடாகவே காட்சியளிக்கின்றது. ஆயினும் அப்படங்களில் தண்டிப்பவன் நாயகனாக இருந்தான். ‘2.0’ இல் தண்டிப்பவன் வில்லனாகிவிட்டான். அவனிடமிருந்து அரசைக் காப்பவன் நாயகனாகிவிட்டான். நெறியாளரின் பயணம் எத்திசை நோக்கியது என்பதற்கு இதனிலும் சிறந்த சான்று வேண்டியதில்லை.

ஒரு கலைப்படைப்பின் பொருளாதார அடிப்படையை நோக்காது அதன் கருத்தை மட்டும் ஆராய்வது அரைகுறை விமரிசனமாகும். ‘2.0’ ஐத் தயாரித்தது லைக்கா புரொடக்‌ஷன்ஸ். அது, ஈழத்தமிழரான சுபாஸ்கரன் அல்லிராஜா 2006 இல் நிறுவிய லைக்கா மொபைல் என்னும் கைத்தொலைபேசிச் சேவையைச் சேர்ந்த குழுமத்தின் திரைப்படப் பிரிவு. புலம்பெயர்ந்தோர் தம் தாய்நாட்டுடன் மலிவாகப் பேச வழிசெய்தமையே அச்சேவையின் வளர்ச்சிக்கு அடிப்படை. பாரிசிலோ இலண்டனிலோ உணவகத்திற் கோப்பை கழுவிய இளைஞன், இரவிலே தன் தாயுடன் பேசிய நிமிடங்களுக்குக் கொடுத்த காசும் அம்மூலதனத்துட் கலந்திருக்கின்றது. கைத்தொலைபேசியாற் பெருகிய மூலதனமே கைத்தொலைபேசிக்கு எதிரான படத்தை எடுத்திருக்கின்றது என்பது வெறும் வேடிக்கையன்று. மூலதனத்துக்குக் கருத்துக்களிடம் அச்சமில்லை. அவற்றை விற்க முடியுமாயின் தன்னைக் கண்டிக்கும் கருத்தையும் அது விற்பனைப் பொருளாக்கிவிடும். அதற்குத் தேவையானது, அக்கண்டனம் இறுதியிற் பாதகமற்றதாக முடிவது ஒன்றே. படத்திற் பட்சிராஜனுக்கு நேர்ந்த முடிவு அத்தேவையுடன் மிக நன்றாகப் பொருந்துகின்றது. தயாரிப்பாளர் எவரும் நெறியாளருக்கு அவ்வாறு கட்டளையிட்டார் என்று கூறுவது நமது நோக்கமன்று. அத்தகைய கட்டளைக்கு அவசியமே இல்லாதபடி வியாபாரச் சினிமாவின் இலக்கணம் ஏற்கெனவே அமைந்திருக்கின்றது.

இதில் இன்னொரு முரண்பாடும் உண்டு. படம் வெளியாவதற்குச் சிறிது முன்னர், இந்தியக் கைத்தொலைபேசிச் சேவை நிறுவனங்களின் சங்கம், இப்படம் கைத்தொலைபேசிகள் பற்றியும் கோபுரங்கள் பற்றியும் விஞ்ஞானத்துக்குப் புறம்பான கருத்துக்களைப் பரப்புகின்றதெனத் தணிக்கைச் சபையிடம் முறையிட்டது. இலாபங் கருதி எழுந்ததாயினும், விஞ்ஞானம் பற்றிய அம்முறைப்பாட்டை நாம் எளிதில் ஒதுக்கிவிட முடியாது. முற்போக்காளரின் பலம் உண்மையிலேயே தங்கியிருக்கின்றது. முதலாளி ஒருவன் கூறினான் என்பதற்காக உண்மை பொய்யாகிவிடாது.

படத்தைப் பார்த்த என் மாணவர் சிலர், சிட்டுக்குருவிகளைக் கோபுரங்கள்தான் கொன்றனவா என்று வகுப்பிற் கேட்டனர். இக்கேள்விக்கு விஞ்ஞானம் தரும் விடை படம் தரும் விடையைவிடச் சிக்கலானது. பிரித்தானியாவிற் சிட்டுக்குருவிகளின் தொகை 1970களின் பிற்பகுதி தொட்டே குறையலாயிற்று. அங்கு கைத்தொலைபேசிச் சேவை தொடங்கியதோ 1985 இல். கூடு கட்ட இடந்தராத புதிய கட்டடங்கள், குஞ்சுகளுக்கு இரையாகும் பூச்சிகளின் குறைவு முதலியனவே முக்கிய காரணங்களாக ஆராய்ச்சியாளர் சுட்டுகின்றனர். இந்தியப் பறவைகளின் நிலை பற்றி 2020 இல் வெளியான அறிக்கை, பெருநகரங்களிற் குறைந்தபோதிலும் நாடு முழுவதையும் நோக்குமிடத்துச் சிட்டுக்குருவியின் தொகை ஏறத்தாழ நிலையாகவே இருந்துவந்ததெனக் கூறுகின்றது. மறுபுறத்தில், மின்காந்த அலைகள் பறவைகளைத் தீண்டுவதேயில்லை என்றுங் கூற முடியாது. 2014 இல் ஜெர்மனிய ஆய்வாளர் வெளியிட்ட ஆராய்ச்சியொன்று, நகரத்து மின்கருவிகளிலிருந்து எழும் மின்காந்த இரைச்சல் வலசை போகும் ரொபின் பறவைகளின் திசையறியும் ஆற்றலைக் குழப்புவதை நிறுவியது. ஆனால் அவ்வாறு குழப்பியவை கைத்தொலைபேசிகள் பயன்படுத்தும் அலைகளிலும் மிகக் குறைந்த அதிர்வெண் உடையவை. உண்மையான விஞ்ஞானம் இவ்விதம் அளந்தும் பிரித்தும் பேசும். ‘2.0’ தன்னை விஞ்ஞானப் புனைகதை என அழைத்துக்கொண்டு, ஆவிகளின் நேர் ஆற்றல், எதிர் ஆற்றல் என்று மந்திரவாதியின் மொழியிற் பேசுகின்றது. பட்சிராஜனின் குற்றச்சாட்டை ஆய்வுகூடத்திற் பரிசோதித்துப் பார்க்க அப்பெரிய விஞ்ஞானி வசீகரனுக்கு ஒரு கணமேனும் தோன்றவில்லை. பேயை ஓட்டும் கருவி செய்வதற்கு மட்டும் அவனுக்கு நேரமிருக்கின்றது.

பறவைகளின் அழிவைப் பற்றி உண்மையாகவே ஒரு படம் எடுக்க விரும்பினோர்க்கு இந்திய உபகண்டத்திலேயே தகுந்த கதையொன்று காத்திருந்தது. 1992 இற்கும் 2007 இற்கும் இடையில் இந்தியாவின் வெண்முதுகுப் பிணந்தின்னிக் கழுகுகள் 99 சதவீதத்துக்கு மேல் அழிந்தன. கால்நடைகளுக்கு வலிநிவாரணியாக வழங்கப்பட்ட டைக்ளோபெனக் என்னும் மருந்தே, இறந்த மாடுகளின் இறைச்சி வழியாக அக்கழுகுகளின் சிறுநீரகத்தைச் சிதைத்ததென 2004 இல் பாகிஸ்தானில் நிகழ்ந்த ஆராய்ச்சி நிரூபித்தது. 2006 இல் இந்தியா கால்நடைகளுக்கு அம்மருந்தைத் தடை செய்தது. இங்கு எவரும் பேயாக மாறவில்லை. எவரும் தூக்கிட்டு மடியவும் தேவையிருக்கவில்லை. ஆராய்ச்சியாளர் பொறுமையுடன் சான்று திரட்டினர். இயக்கங்கள் குரல் கொடுத்தன. அரசு இணங்க வேண்டியதாயிற்று. கோபுரக் கதிர்வீச்சு விடயத்திலுங்கூட, பொதுமக்களிடையே கவலை வளர்ந்த சூழ்நிலையில், அனுமதிக்கப்பட்ட அளவை இந்தியா 2012 செப்டெம்பரிற் சர்வதேச வரம்பின் பத்தில் ஒரு பங்காகக் குறைத்தது. கூட்டுச் செயல் பயன் தரும் என்பதற்கு இவை சான்றுகள். ‘2.0’ இன் உலகிலோ கூட்டுச் செயல் என்பதே இல்லை. தனியொருவன் முறையிடுகின்றான், தனியொருவன் சாகின்றான். அவனுக்குத் துணையாக ஒரு சங்கமில்லை, ஒரு மாணவர் குழுவில்லை, ஓர் ஊர்வலமில்லை. தோல்வியை விதியாக்கிய பின்னரே படம் அவனைப் பேயாக்குகின்றது.

இனிப் படத்தின் முடிவை நோக்குவோம். சாதாரண சிட்டியால் பட்சிராஜனை வெல்ல முடியவில்லை. ஆகவே நிலா என்னும் பெண் இயந்திரம், சிட்டிக்குள் மீண்டும் அச்சிவப்புச் சில்லினைப் பொருத்துகின்றது. முதற்பாகத்திற் கொலைவெறியின் வித்தாகக் காட்டப்பட்ட அதே சில்லு இங்கு நாட்டைக் காக்கும் அருமருந்தாகின்றது. திரையரங்கில் விசில் பறக்கின்றது. சில்லு மாறவில்லை, அது யாருக்காகக் கொல்கின்றது என்பது மட்டுமே மாறியிருக்கின்றது. இதனோடும் அமையாது, விரலளவான சிற்றியந்திரங்கள் புறாக்களின் மீதேறி வந்து, அப்பறவைகளின் உயிரைப் பணயமாக வைத்துப் பட்சிராஜனை மடக்குகின்றன. பறவைகள்மீது அவன் கொண்ட அன்பே அவனை வீழ்த்தும் ஆயுதமாகின்றது. அன்புடையவனைப் பேய் என்றும், அவ்வன்பை மிரட்டலுக்குப் பயன்படுத்தியதை வீரம் என்றும் ஏற்கச் சொல்லும் இக்காட்சி, படத்தின் மனச்சாட்சி எங்குள்ளது என்பதை ஐயத்துக்கிடமின்றிக் காட்டிவிடுகின்றது. எல்லாம் முடிந்தபின், பட்சிராஜனின் நோக்கம் நியாயமானதே, வழிதான் தவறு என்று வசீகரன் கூறுகின்றான். சிட்டியோ அரசின் சேவைக்கு மீண்டும் பரிந்துரைக்கப்படுகின்றது. நியாயத்துக்கு அஞ்சலி, ஆயுதத்துக்கு உத்தியோகம்.

இவ்வகைக் கதையை வேறுவிதமாகவும் முடிக்கலாம் என்பதற்கு 1954 இல் யப்பானில் வெளியான ‘கொட்சில்லா’ படமே சான்று. அவ்வாண்டு மார்ச் மாதம் அமெரிக்கா பசுபிக் சமுத்திரத்தில் நடாத்திய ஐதரசன் குண்டுப் பரிசோதனையால் யப்பானிய மீனவர் கதிர்வீச்சுக்கு உள்ளாயினர். அத்துயரத்தின் சூட்டிலேயே இஷிரோ ஹொண்டா அப்படத்தை நெறிப்படுத்தினார். அங்கும் கதிர்வீச்சு ஓர் இராட்சத உருவத்தை எழுப்புகின்றது. அங்கும் ஒரு விஞ்ஞானியிடமே அதனை அழிக்கும் ஆயுதம் இருக்கின்றது. ஆனால் செரிசாவா என்னும் அவ்விஞ்ஞானி தன் ஆயுதத்தை வெளிப்படுத்தத் தயங்குகின்றான். ஒருமுறை பயன்படுத்தினால் ஆட்சியாளர் அதனை விடமாட்டார் என்பதை அவன் அறிவான். ஈற்றில் தன் குறிப்புக்களையெல்லாம் எரித்துவிட்டுக் கடலடியிற் கொட்சில்லாவுடன் தானும் மடிகின்றான். ஆயுதத்தின் இரகசியம் அவனோடு அழிகின்றது. கலையழகிலும் செலவிலும் ‘2.0’ உடன் ஒப்பிட முடியாத எளிய படம் அது. இரப்பர் உடையணிந்த நடிகனே அதில் இராட்சதன். ஆயின், விஞ்ஞானியின் பொறுப்பு யாதென்ற கேள்வியை அது உயிரினும் மேலாக மதித்தது. வசீகரனுக்கோ அக்கேள்வி ஒரு தடவையேனும் எழவில்லை.

படத்திலுள்ள பெண்களைப் பற்றியும் ஒரு வார்த்தை கூற வேண்டும். முதற்பாகத்தில் விருப்பு வெறுப்புக்களுடன் நடமாடிய சனா, இங்கு தொலைபேசியில் ஒலிக்கும் குரலாகச் சுருங்கிவிட்டாள். அவள் இடத்தை நிரப்பும் நிலா அழகாகச் செய்யப்பட்ட இயந்திரம்; ஏவியதைச் செய்வாள்; எதிர்த்துப் பேசாள். சிந்திக்கும் இயந்திரத்தைக் கழற்றி வைத்த கதை, சிந்திக்காத பெண்ணை உருவாக்கித் திருப்தியடைகின்றது.

பொதுமக்களுக்கான வியாபாரப் படத்திடம் இவ்வளவு எதிர்பார்க்கலாமா என்று சிலர் கேட்கலாம். கைத்தொலைபேசியைக் காதில் ஒட்டிவைத்தவர்களையும் ஒரு கணம் பறவைகளைப் பற்றி நினைக்க வைத்ததே இப்படத்தின் வெற்றி என்றும் வாதிடலாம். இவ்வாதத்தில் ஓரளவு உண்மை இருக்கின்றது. பட்சிராஜனின் கதை ஓடிய நிமிடங்களில் திரையரங்கம் அமைதியாயிருந்ததை நான் கவனித்தேன். விசிலும் கூச்சலும் நின்று, மக்கள் ஒரு முதியவனின் முறைப்பாட்டைக் கூர்ந்து கேட்டனர். மக்களின் இரசனை தாழ்ந்தது, அவர்களுக்கு இதுதான் கொடுக்கலாம் என்று கூறுவோர்க்கு அவ்வமைதியே தக்க மறுமொழி. மக்கள் கேட்கத் தயாராக இருந்தனர். சொல்வதற்குத்தான் படம் துணியவில்லை. பேய்க்கதையின் வேகத்துள் அவ்வமைதி மூழ்கடிக்கப்பட்டது. ஆகவே நம் கண்டனம் மக்களின் இரசனையை நோக்கியதன்று; அவ்விரசனையை நம்பாத கலைஞரையும், நம்ப விடாத மூலதனத்தையும் நோக்கியது.

ஆசிரியர்களும் உயர்வகுப்பு மாணவர்களும் இவ்விரு பாகங்களையும் அடுத்தடுத்துப் பார்ப்பது பயனுள்ளது. பார்த்தபின் சில கேள்விகளை வகுப்பிலே விவாதிக்கலாம். சிட்டியைக் கழற்றச் சொன்ன தீர்ப்பு இரண்டாம் பாகத்தில் ஏன் செல்லாக்காசாயிற்று? கோபுரத்தின் உடைமையாளனும் அதன் அலைகளாற் பேசும் தொழிலாளியும் எவ்விதம் ஒரே குற்றவாளியாயினர்? பட்சிராஜனுக்கு ஒரு சங்கம் இருந்திருந்தால் கதை எவ்வாறு முடிந்திருக்கும்? இவற்றுக்கு மாணவர் எழுதும் விடைகளிலிருந்து, தமிழில் இன்னும் எடுக்கப்படாத ஒரு நல்ல விஞ்ஞானப் படத்தின் கதை ஒருவேளை கிடைக்கக்கூடும். அக்கதையில் அந்த முதியவன் உயிரோடு இருப்பான். அவனைச் சுற்றி ஆட்களும் இருப்பர்.